யன்னலால் போன தண்ணீர்

என் மாமனாருக்கு மூத்திரம் சோதித்த கதையை நான் எடுத்தால் மனைவி எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். சாப்பாட்டு நேரத்தில் கதைக்கிற கதையா இது என்பாள். எழுதினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

மாமா நாயாற்றுக்காரர். களப்பிலும் கடலிலும் வலை இழுத்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவர்கள் இருவரும் வெளிநாட்டில். கடைசி மகளை நான் கட்டினேன். அவர் தந்தார் என்று சொல்ல முடியாது, நாங்களாகக் கட்டிக்கொண்டோம். நான் கிளிநொச்சிக்குப் பக்கத்தில், பரந்தனில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். என் அப்பாவும் அம்மாவும் மலையகத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் பிறந்தது, படித்தது, ஓடித் தப்பியது எல்லாம் இந்த மண்ணில்தான். ஆனாலும் மாமாவுக்கு நான் தோட்டக்காட்டான். போதாக்குறைக்கு அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், நான் சைவம். கல்யாணப் பேச்சு வந்த அன்று தன் முற்றத்தில் பத்துப் பேருக்கு முன்னால் நின்று, "தோட்டக்காட்டான்ர கையால நான் பச்சைத் தண்ணியும் குடியன்" என்று சொன்னார். அதை மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் அது பொய்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு நேரே கதைத்ததில்லை. திருநாளுக்கு நாயாற்றுக்குப் போனால், நான் எதிரில் கதிரையில் இருக்க, மகளைப் பார்த்து, "அவரைச் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு" என்பார். நானும் விடுவேனா, "பசியில்லையாம் எண்டு சொல்லு" என்று மனைவியிடம் சொல்வேன். இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கு நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி அவள் நின்று களைத்துப்போவாள்.

ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். அங்கே இங்கே காட்டி, கடைசியில் இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்திருக்கின்றன, பைபாஸ் செய்யவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆண்கள் வார்ட்டில் துணைக்கு ஆண்தான் நிற்கலாம். மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? கடையைப் பூட்டிவிட்டு நான் போனேன். போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்ன சொன்னாலும் கோவிக்காதேங்கோ" என்றாள். அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அதுதானே பிரச்சினை என்றேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாமாவுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். மூத்திரம் தானாகப் பையில் இறங்கியது. அந்தப் பையிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர், வயது என் மனைவியளவுதான் இருக்கும், ஏனென்று எனக்குப் பொறுமையாகச் சொன்னா. இருதயத்தை நிறுத்தி, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்கிற ஒப்பரேஷனில் சிலருக்குக் கிட்னி அடிவாங்குமாம். ரத்தத்தில் பார்த்தால் அது பிந்தித்தான் தெரியுமாம், அதற்குள் நிறையப் பழுதாகிவிடும். கிட்னிக்கு நோகத் தொடங்கிய சில மணித்தியாலத்திலேயே அது மூத்திரத்தில் ஒரு பொருளை விடும், அதைத்தான் அளக்கிறோம் என்றா. "சோறு அடிப்பிடிக்க முதல் மணம் வருமெல்லே, அப்பிடி நினையுங்கோ" என்றா. எனக்கு விளங்கியது. முதல் நாள் அது கொஞ்சம் ஏறிப் பிறகு இறங்கிவிட்டது. மாமாவின் குழாயைக் கழற்றி வார்ட்டுக்கு மாற்றினார்கள்.

கிட்னி என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் தனியான பயம் உண்டு. வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் செட்டிகுளத்தில் வயல் செய்கிறவர். அவருடைய தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய், கிழமைக்குக் கிழமை ரத்தம் கழுவப் போகிறானாம். போற நாள் அலைச்சல், வந்த நாள் படுக்கை, வயலைப் பார்க்க ஆளில்லை என்று அவர் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் சுருங்கியது. மாமா கடலுக்குப் போகாமல் ஒருநாள் இருந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர்.

வாயாடியான அந்தச் செட்டிகுளத்தார் பக்கத்தில் வாய்த்தது மாமாவுக்கு வசதியாகப் போயிற்று. மகள் இல்லாத இடத்தில் புது மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டார். "தம்பி, ஐயாவுக்குத் தண்ணி வேணுமாம்" என்பார். நான் கப்பில் ஊற்றி நீட்டினால் அதை அவரே வாங்கி மாமாவிடம் கொடுப்பார். "தம்பி, ஐயாவுக்குப் போத்தல் வேணுமாம்" என்றால் நான் மூத்திரப் போத்தலைக் கொண்டுவந்து, திரையை இழுத்துவிட்டு, பிறகு எடுத்துப்போய் நேர்ஸிடம் கொடுப்பேன். எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு போகிறது என்று இரண்டையும் அளந்து எழுதுவார்கள். மாமா அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கை பட்டது அருவருப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பல்லைக் கடிப்பேன்.

செட்டிகுளத்தாருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போனதோடு எங்கள் கட்டிலடியில் பேச்சும் போயிற்று. நான் தண்ணீரை மேசையில் வைப்பேன். திரும்பி வந்து பார்த்தால் கப் வெறுமையாக இருக்கும். குடித்தீர்களா என்று நேர்ஸ் கேட்டால் "ஓம், முழுக்கக் குடிச்சனான்" என்பார் மாமா. ஆனால் போத்தலில் வருவது குறைந்துகொண்டே போனது, வந்ததும் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

அடுத்த நாள் காலை டொக்டர் வந்தபோது முகம் சரியில்லை. ரத்தப் பரிசோதனை நல்லாகத்தான் இருக்கிறதாம். ஆனால் மூத்திரத்தில் அந்தக் கணக்குத் திரும்பவும் ஏறிவிட்டதாம். நோவுக்கு ஏதாவது குளிசை வெளியில் வாங்கிக் கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டா. சத்தியமாக இல்லை என்றேன். இவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வருகிறதில்லை, அப்படியென்றால் கிட்னி மூடிக்கொண்டு வருகிறதோ என்று பயமாக இருக்கிறது என்றா. நீர் போவதற்கு ஊசி போட்டு, திரும்பவும் குழாய் போடுவோம், அதற்கும் சரிவராவிட்டால் ரத்தம் கழுவத்தான் வேண்டிவரும் என்றா. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நான் சாப்பாடு எடுக்கக் கீழே போனேன். மனைவிக்கு என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டு, பார்சலோடு கட்டடத்தின் பின்பக்கமாக வந்தேன். மேலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் தோளில் விழுந்தது. ஏசுவதற்கு நிமிர்ந்தேன். எங்கள் வார்ட்டு யன்னல். கம்பிக்கு வெளியே ஒரு கப், அதைப் பிடித்திருந்த கையில் ஊசியை ஒட்டிவைத்த பிளாஸ்டர். வெட்டித் தைத்த நெஞ்சோடு எழும்பி நின்று மாமா தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் சொன்ன வார்த்தையை மனிதர் இன்னும் காப்பாற்றுகிறார் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. செட்டிகுளத்தாரின் கையால் குடித்தவர், என் கையால் குடிக்க மாட்டாராம். கிட்னி போனாலும் பரவாயில்லையாம். பார்சலோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். நான் போய்ச் சேர அவர் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தார்.

"மாமா, கீழ நிண்டு பாத்தனான்" என்றேன். கண்ணைத் திறந்தார். "என்ர கையால குடிக்க ஏலாட்டி, இப்பவே வேற ஆளைக் கொண்டுவந்து விடுறன். அதுக்காகப் பொய்க் கணக்குச் சொல்லிச் சாகாதேங்கோ. உங்கட மோளிட்ட நான் என்னத்தைச் சொல்லுறது?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா செபமாலையைப் போர்வையில் வைத்தார். பிறகு அவருடைய தாடை ஆடத் தொடங்கியது. கடலில் எத்தனையோ பேரைக் கொடுத்தபோதும் அழாதவர் என்று மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"நாக்கு ஒட்டிப்போய்க் கிடக்கு. குடிக்க ஆசையில்லையெண்டே நினைக்கிறியள்?" என்றார். முதன்முதலாக என்னைப் பார்த்து. "குடிச்சா வரும். வந்தா உங்களைத்தான் கூப்பிடவேணும். உங்களை அப்பிடிச் சொன்ன வாய் இது. அந்த வாயால, என்ர மூத்திரத்தைத் தூக்குங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிடித்துக்கொண்டு மொக்கன் மாதிரி நின்றேன். கல்யாணத்திலிருந்து எண்ணெய் விட்டு, துடைத்து, நல்ல ஓட்டத்தில் வைத்திருந்த கோபம் அது. ஒரு நொடியில் நின்றுபோய்விட்டது. என்னை அருவருக்கிறார் என்று நான் பல்லைக் கடித்த நாளெல்லாம் மனிதர் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரில் இரக்கம் வந்தது. என்னிலும் கொஞ்சம் வந்தது.

"நீங்கள் கேக்கத் தேவையில்லை, மாமா. நானே கொண்டுவாறன்" என்றேன்.

ஊசி போடமுதல் டொக்டரைப் பிடிக்கவேண்டும் என்று ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அவா கதிரையில் இருந்துவிட்டா. தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிற கிட்னியில் நீர் போகிற ஊசியைப் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றா. மாமாவை ஏசவில்லை. ஊசியை நிறுத்தி, சேலைனை மெதுவாக ஓடவிட்டு, வாயாலும் குடிக்கச் சொன்னா. பின்னேரத்துக்குள் மூத்திரம் வரவேண்டும், வருவதில் அந்தக் கணக்கைத் திரும்பவும் பார்ப்போம் என்றா.

நான் கப்பை நீட்டினேன். மாமா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடைக்கிடை போத்தலைக் கொண்டுபோய்த் திரையை இழுப்பேன். வெறுமையாகத் திரும்பும். செட்டிகுளத்துத் தம்பியின் கதை என் தலைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. அவருடைய கடவுளையும் என்னுடைய கடவுளையும் மாறி மாறிக் கும்பிட்டேன், யாராவது ஒருவருக்குக் கேட்டாலே காணும் என்று.

வெயில் சாய்கிற நேரம் திரைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஒரு ஆண்பிள்ளை மூத்திரம் பெய்கிற சத்தத்துக்கு நான் அவ்வளவு சந்தோசப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திரையை விலக்கினேன். மாமா போத்தலைத் தானே என் கையில் தந்தார். சூடாக இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பயந்துபோய், "இவ்வளவு காணுமோ, சோதனைக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதைப் பொன் மாதிரிப் பிடித்துக்கொண்டு நேர்ஸிடம் கொண்டுபோனேன்.

மறுநாள் அந்தக் கணக்குப் பாதியாக இறங்கியிருந்தது, அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. ரத்தத்தில் கடைசிவரை ஏறவேயில்லை. மூத்திரம் முந்திச் சொல்லியிராவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

துண்டு வெட்டுகிற அன்று டொக்டர், கிட்னி தப்பிவிட்டது, ஆனால் சில மாதத்துக்கு இரத்தமும் மூத்திரமும் ஒழுங்காகச் சோதிக்கவேண்டும் என்றா. எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு எழுத என்று என்னைக் கேட்டா. நாயாற்றுக்குக் கிட்ட முல்லைத்தீவுதானே, அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கிளிநொச்சி" என்றார் மாமா.

தூரமில்லையா ஐயா என்று டொக்டர் கேட்டா. எங்கள் வீட்டுக்கு அவர் அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை, நாங்கள் வீடு குடிபூர்ந்த அன்றும் வரவில்லை. மாமா டொக்டரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கட வீட்டில எனக்கொரு கட்டில் போட இடம் கிடக்கோ?"

"கிடக்கு, மாமா" என்றேன்.