இருபத்துநான்கு மீன்கள்

என் அத்தை சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தாள். நானும் அவள் வகுப்பில்தான் படித்தேன். ஒருநாள் வாய் தவறி வகுப்பில் 'அத்தை' என்று கூப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் முழங்காலில் நின்றிருக்கிறேன். அன்று சாயங்காலம் வீட்டில் அதே முழங்காலுக்கு அவளே தேங்காயெண்ணெய் தடவினாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. வகுப்பில் பாதிப் பேர் பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பாடம் நடத்த அத்தையிடம் இருந்தவை ஒரு கரும்பலகையும் மூலை கிழிந்த தேசப்படமும்தான். கடலைப் பற்றிய பாடம் வந்தால் ஜன்னலைத் திறந்து காட்டுவாள்.

மயிலாப்பூர்க் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பொதுப் புத்தகசாலை இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கென்றே பெட்டியில் புத்தகம் அடுக்கி ஒரு மாதத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை காலையில் அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மேஜைக்குப் பின்னால் பஞ்சகச்சமும் கோட்டும் அணிந்த புத்தகசாலைக்காரர் உட்கார்ந்திருந்தார். என்ன பெயர், எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் எழுதிக்கொண்டபின் அவர் நிமிர்ந்து, "இந்த மாசம் உங்க கிளாஸ்ல என்ன பாடம் நடத்தப் போறேள்?" என்று கேட்டார்.

அத்தை விழித்தாள். இன்ஸ்பெக்டர் அதே கேள்வியைக் கேட்டதுண்டு. அது குற்றம் கண்டுபிடிப்பதற்கு. இந்த மனிதர் கேட்டது அலமாரியைத் திறப்பதற்கு. "கடல், சார்" என்றாள் மெதுவாக.

அன்று கைரிக்ஷாவில் எங்களோடு ஒரு மரப்பெட்டி வந்தது. கதைப் புத்தகங்கள், பிரயாணப் புத்தகங்கள், கப்பல் படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நாடா கட்டிய அட்டைக்குள் சீமையில் அச்சடித்த வர்ணப் படங்கள் இருபத்துநான்கு. படத்துக்கு ஒரு மீன். செதிலெல்லாம் ஈரமாக இருப்பதுபோல் மின்னும். கீழே இங்கிலீஷில் பெயர். பெட்டி மூடியின் உட்புறம் விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். 'மையாலோ பென்சிலாலோ எதிலும் எழுதலாகாது. மீறினால் பெட்டி வழங்குவது நிறுத்தப்படும்.' அதை வகுப்புக்கு உரக்கப் படித்துக் காட்டும் பொறுப்பை அத்தை எனக்குத்தான் கொடுத்தாள்.

அந்த மாதம்போல் எங்கள் வகுப்பு எப்போதும் இருந்ததில்லை. வலைக்கும் சந்தைக்கும் போய்விடுகிற பிள்ளைகள்கூட மணியடிப்பதற்கு முன்பே வந்து நின்றார்கள். ஆனால் கடைசி வாரம் மீன் படங்களை எடுத்ததும் அத்தைக்கு ஒரு சங்கடம். இங்கிலீஷ் பெயரை வாசித்தாளே தவிர, அது தமிழில் என்ன மீன் என்று அவளுக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டில் மீன் தினம் வரும். தலை போய், துண்டாகி, குழம்பில்தான் எங்களைச் சந்திக்கும்.

கடைசி வரிசையிலிருந்து ஆரோக்கியம் எழுந்தாள். அதுவரை அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "அது சீலா டீச்சர். பக்கத்துல கீறது பாறை மீனு."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அடுத்தடுத்து நாலைந்து பெயர் சொன்னாள். பிறகு தயங்கி, "எங்கம்மாவுக்குத்தான் டீச்சர் எல்லாம் தெரியும்" என்றாள்.

வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நான். அன்று எனக்கு ஒரு மீன்கூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் என்று படுத்தேன். காய்ச்சல் நிஜமாகவே வந்துவிட்டது. மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

உடம்பு தேறி எழுந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி எங்கள் கூடத்தில் இருந்தது. மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். கடைசியாக ஒருமுறை மீன்களைப் பார்க்கலாமென்று நாடாவை அவிழ்த்தேன். ஒவ்வொரு படத்தின் கீழேயும் பென்சிலால், கோணல் கோணலாக, கொட்டை கொட்டையான எழுத்து. யாருடைய கையெழுத்தென்று எனக்குத் தெரியும். ஆரோக்கியம் கிறுக்கிவிட்டாள்! புத்தகசாலைக்காரர் பார்த்தால் அத்தைக்கு இனிமேல் பெட்டி கிடையாது.

என் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் கசங்காமல், வர்ணம் போகாமல், ஒவ்வொன்றாக அழித்தேன். தூளை வாயால் ஊதினேன். இருபத்துநான்கும் முடிய விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அத்தைக்காகத்தான் அழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோணல் எழுத்து மறைய மறைய எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் புத்தகசாலையில் அத்தை, நான் அதுவரை பார்த்திராத உற்சாகத்தோடு அட்டையைப் பிரித்து, "நீங்க கேட்டது, சார். இருபத்துநாலுக்கும் கிடைச்சுடுச்சு" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "எங்கேம்மா? ஒண்ணுமே காணோமே."

அத்தை ஒரு படத்தைப் புரட்டினாள். அடுத்ததை. அதற்கடுத்ததை. அவள் கை வேகமாயிற்று.

"நான்தான் அத்தை அழிச்சேன். ஒரு கோடுகூட இல்லாம" என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

அத்தை கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தாள். புத்தகசாலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குழந்தை ரூல்ஸைப் படிச்சிருக்கா. ஒட்டி வச்சவா நாமதானே" என்றார். படங்களை மட்டும் இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது அத்தை நடந்ததைச் சொன்னாள். நான் படுத்திருந்த நாட்களில் அவள் தனியாகப் புத்தகசாலைக்குப் போய் அவரிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். மற்றப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் தமிழ்ப் பெயர் கேட்கிறார்கள், படத்திலேயே பென்சிலால் குறித்துக் கொடுங்கள், அச்சடித்து ஒட்டிவிடலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆரோக்கியத்தின் அம்மா மீன் விற்றுவிட்டு வரும் வழியில் வகுப்புக்கு வந்தாளாம். வாசலோடு நின்றவளை அத்தை உள்ளே அழைத்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாளாம். அவள் ஒவ்வொரு மீனையும் பார்த்து, எந்தக் காற்றுக்கு வரும், எந்த வலையில் விழும், பிள்ளை பெற்றவளுக்கு எது நல்லது என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க, மகள் எழுதினாளாம். அம்மா சொன்னதை மகள் கையால் எழுதட்டும் என்பது அத்தையின் ஆசை. தன்னிடமும் ஒரு நகல் வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. அதனால், தப்பு அவ்வளவு பெரிதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பட்டினப்பாக்கம் போனோம். ஆரோக்கியத்தின் அம்மா மற்றப் பெண்களோடு மணலில் கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள். அத்தையைக் கண்டதும் முகம் மலர எழுந்தாள். படங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, அழிச்சிட்டீங்களா? தப்பா சொல்லிட்டனா?"

"ஐயோ, இல்லம்மா. தப்பு எங்க மேலதான். என் அண்ணன் பொண்ணு தெரியாம அழிச்சுட்டா. நீங்க இன்னொரு தரம் சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். என் சடையை, ரிப்பனை, காலிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கொயந்ததானே, போவட்டும்" என்றாள்.

அத்தை மணலிலேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். இந்த முறை எழுதியது அவள்தான். ஆரோக்கியம் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். "வஞ்சிரம். சங்கரா. திருக்கை." பெயரைத் தவிர வேறொன்றும் ஆரோக்கியத்தின் அம்மா சொல்லவில்லை. பதினொரு மீன் ஆனபின் அடுத்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது தெர்லம்மா" என்றாள். அதற்கடுத்ததும் தெரியவில்லை. அதற்கடுத்ததும். ஆரோக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

எனக்கு ஆச்சரியம். அவளுக்குத் தெரியவில்லை என்ற அந்த மீன் அவள் கூடையிலேயே மேலாகக் கிடந்தது. அதே மஞ்சள் வால், அதே புள்ளி. நான் அத்தையின் புடவையை இழுத்துக் கூடையைக் காட்டினேன். அத்தை என் விரலைப் பிடித்துத் தாழ்த்தினாள். மிச்சப் படங்களை எடுக்காமலே நாடாவைக் கட்டினாள்.

"இதுவே போதும்மா. ரொம்ப உபகாரம்."

"போய்ட்டு வாங்க டீச்சரம்மா" என்று சொல்லி அவள் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீன் விற்கிறவளுக்கே அடையாளம் தெரியாத மீனை நான் கண்டுபிடித்திருக்கிறேன்.

"படத்துல பார்த்தா அவங்களுக்குத் தெரியல போலிருக்கு, இல்ல அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. காற்றுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று, இன்னும் உரக்க இன்னொரு தரம் கேட்டேன்.