வாசலில் கேட்ட தாத்தா

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பர்மாவில் படகுத்துறையில் மூட்டை தூக்கி, லான்மடா பேட்டையில் சொந்தமாகக் கயிற்றுக் கடை போட்டு, ஐந்தாம் மாடியில் வீடும் வாங்கியவன். புயல், வெள்ளம், ஊரடங்கு எல்லாம் பார்த்தாயிற்று. எதற்கும் ஓடியதில்லை. ஒரு கொரியப் படம் என்னை ஓட வைத்தது.

அன்று மதியம் கரண்டு வந்ததும் மருமகள் டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டாள். அவள் பர்மியப் பெண்; என்னை அப்பா என்பதற்கு 'அப்பே' என்பாள். கீழே ஓடிய பர்மிய எழுத்தைப் படிக்க எனக்கு வராது. பேச்சில்தான் நான் புலி. அதனால் அவளே கதை சொன்னாள். மலைக்கு விளையாடப் போன பிள்ளைகள் திரும்பவே இல்லை. உண்மையில் நடந்ததாம்.

"யார் செஞ்சான்னு கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லை அப்பே, இன்னிக்கு வரைக்கும் இல்லை."

"நானா இருந்தா ஒரே நாள்ல பிடிச்சிருப்பேன்."

"முதல்ல உங்க கண்ணாடியைப் பிடிங்க. காலையிலேர்ந்து தேடுறீங்களே, தலையில இருக்கு." சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கிப் போனாள்.

படத்தில் பெற்றவள் ஒருத்தி வாசற்கதவைத் தாழ் போடாமலே தூங்கினாள், பிள்ளை வந்தால் திறந்திருக்கட்டும் என்று. அப்போது வாசலில் பேத்தியின் குரல் கேட்டது: "தாத்தா!"

ஏழு வயது அவளுக்கு. அந்த ஒரு சொல்லுக்காக அவளோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றேன். பர்மியப் பிள்ளைகள் தாத்தாவைப் 'போபோ' என்பார்கள். நான் உழைத்து வாங்கிய வீட்டில் என்னையே போ போ என்று விரட்டுவதா?

"இரும்மா, வரேன்" என்றேன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரண்டு போனது. திரை இருண்டது. கூப்பிட்டுக்கொண்டே தேடினேன். அறையில் இல்லை, குளியலறையில் இல்லை. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

படியிறங்கினேன். நாலு மாடியிலும் கதவைத் தட்டினேன். யாரும் பார்க்கவில்லை. தெருவில் ஜெனரேட்டர்கள் இரைந்தன. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தெருமுனையில் வெற்றிலை விற்பவள், "பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தது?" என்றாள். படத்திலும் போலீஸ்காரன் முதலில் அதைத்தான் கேட்டான். யோசித்தேன். தெரியவில்லை. காலையிலிருந்து ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், தெரியவில்லை.

மருமகள் கூடையோடு வந்தாள்.

"புள்ளையைக் காணோம். தாத்தான்னு கூப்பிட்டா. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் முகம் வெளுத்தது. "கூப்பிட்டாளா அப்பே? இல்லை, தாத்தா காட்டினாளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே பிள்ளைகள் விடைபெறும்போது கையசைத்து 'தாத்தா' என்பார்கள். அவள் என்னைக் கூப்பிடவில்லை. போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எங்கே? யாரோடு?

எங்கள் கட்டடத்தை நோக்கி இருவரும் ஓடினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே மணியும், கீழே தெருவரை ஒரு கயிறும் தொங்கும்; இழுத்தால் மணி அடிக்கும், மேலிருந்து எட்டிப் பார்த்துச் சாவியைப் போடுவோம். எங்கள் கயிறு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள் பேத்தி. மஞ்சள் சட்டை.

"எவ்ளோ நேரம் மணி அடிக்கிறது? ஏன் யாரும் எட்டிப் பாக்கல?" என்று எங்களையே அதட்டினாள். தெருவின் எதிர்ப்பக்க வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். "சொல்லிட்டுத்தானே போனேன்? நீங்களும் பதில் சொன்னீங்கல்ல?"

மருமகள் அவளை அடிக்கக் கை ஓங்கி, கட்டிக்கொண்டு அழுதாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே என்னைப் போபோன்னே கூப்பிடு."

"விரட்டுற மாதிரி இருக்குன்னு சொன்னீங்க?"

"விரட்டு. பரவாயில்ல."

அந்தப் படத்தை நான் முடிக்கவில்லை. கரண்டு வந்தாலும் போடவிடுவதில்லை. வாசலில் 'தாத்தா' என்று கேட்டால் இப்போதும் எழுந்து போய், என்ன சட்டை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.