நெல் தொட்டிக்குள் அருள்தாஸ்

அருள்தாஸ் ஒல்லியான மனிதர். அந்த உடம்புதான் சிறு வயதிலிருந்தே அவரை ஒவ்வொரு இடுக்கிலும் கொண்டுபோய் விட்டது. பந்து மதகுக்குள் உருண்டு போனால் அவர்தான் நுழைய வேண்டும். மாதா கோயில் மணிக்கூண்டில் புறா கூடு கட்டினாலும் அவரைத்தான் ஏற்றுவார்கள். ஆரணிக்கு வெளியே இருந்த ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தவரை, கொஞ்ச நாளிலேயே நெல் தொட்டிக்குள் இறங்குகிறவராக மாற்றிவிட்டார்கள். தொட்டியின் மேல்வாய் சின்னது. மற்றவர்களுக்குத் தோள் இடித்தது.

அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. மனைவி சூசைமேரியிடம் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மில்லில் சொன்னதில்லை. இத்தனை நாள் இறங்கியவனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பார்களே என்ற கூச்சம்.

தொட்டி இரண்டு மாடி உயரம். அவித்து உலர்த்திய நெல் மேலே வந்து கொட்டும். அடிவாய் வழியாக அரவைக்கு இறங்கும். ஈரம் சரியாகப் போகாத நெல்லாக இருந்தால் நடுவில் பாளமாகக் கட்டிக்கொள்ளும். பாளத்துக்குக் கீழே நெல் இறங்கிப் போயிருக்கும், மேலே நிற்பவருக்கு அது தெரியாது.

அன்று மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் நெல் நின்றுவிட்டது. மெஷின் ஓட்டும் சிவகுமார் கீழேயிருந்து கத்தினார். "அருளு, மறுபடியும் கட்டிக்கிச்சி போலக்குது. ஜல்தியா ஒரு குத்து குத்திட்டு வா!"

முதலில் அடிவாயை மூட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அருள்தாஸ் மூங்கில் கழியோடு இறங்கி, பாளத்தின் மேல் நின்று குத்தினார். மூன்றாவது குத்தில் காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் சரிந்தது.

விழுந்ததும் இடுப்பு வரை நெல். அடிவாய் திறந்தே இருந்ததால் நெல் ஓடத் தொடங்கியது, ஓடிய நெல் அவரையும் கூடவே கொண்டு போனது. காலைத் தூக்கப் பார்த்தார். தூக்கிய கால் இன்னும் கீழே போனது. வயிறு மறைந்தது, மார்பு மறைந்தது. கத்தினார். மெஷின் சத்தத்தில் அது அவர் காதுக்கே எட்டவில்லை.

மேல்தளத்தில் கூட்டிக்கொண்டிருந்த தெய்வநாயகி, தொட்டி வாயில் கழியின் நுனி ஆடுவதைப் பார்த்து எட்டிப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படியில் ஓடினார். "அடிவாய மூடுப்பா! ஆளு உள்ளே போய்க்கினு கீறான்!"

சிவகுமார் மூடினார். நெல் நின்றது. அக்குள் வரை நெல்லுக்குள், கைகள் மட்டும் வெளியே, அருள்தாஸ் நின்றிருந்தார்.

நின்றிருந்தார் என்றா சொல்வது? காலுக்குக் கீழே தரை இல்லை. எங்கேயும் காயம் இல்லை. மூச்சை இழுக்க மார்பு விரிய மறுத்தது. விடும்போது விட்ட இடத்தில் நெல் வந்து உட்கார்ந்துகொண்டது, அடுத்த மூச்சுக்கு அந்த அளவு இடம் குறைந்தது. நெல்லில் இன்னும் சூடு இருந்தது. தூசி கண்ணை மறைத்தது. மேலே வட்டமாக ஒரு துண்டு வெளிச்சம், அதில் மாறி மாறித் தலைகள்.

கயிறு வந்தது. அவர் அக்குளில் கட்டிக்கொண்டதும் நான்கு பேர் இழுத்தார்கள். அவர் ஓர் அங்குலமும் ஏறவில்லை. தோள் மூட்டு கழன்று வருவதுபோல் இருந்தது.

"இன்னும் ரெண்டு பேரு வாங்க! தம் கட்டி இஸ்க்கணும்!" என்றார் சிவகுமார். அவருக்கு அழுகை வந்துவிட்டிருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் ஆறு பேரும் இழுத்தார்கள். அருள்தாஸ் அலறினார். பலம் கூடக் கூட வலிதான் கூடியது.

தீயணைப்பு வண்டி வந்தபோதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதிகாரி கோகுல்ராஜ் இளவயதுக்காரர். தொட்டிக்குள் எட்டிப் பார்த்த உடனே, "கயித்த வுடுங்க. மொத்தமா வுட வேணாம், லூசா புடிச்சிகினு இருங்க," என்றார்.

"வுட்டா உள்ளே போயிடுவான் சார்!"

"அடிவாய் மூடியாச்சு. இனிமே போக மாட்டாரு. நெல்லு கீழே ஓடறப்ப அவர கீழே இஸ்துகினு போச்சு. இப்ப நீங்க மேலே இஸ்க்கறீங்க, அதே நெல்லு கீழ்ப்பக்கமா புடிச்சி நிறுத்துது. நீங்க எவ்ளோ போடறீங்களோ அதுவும் அவ்ளோ போடுது. நடுவுல கிழியறது அவரு உடம்புதான்."

பிறகு உள்ளே குனிந்து பேசினார். "அண்ணே, காலுல எதுனா மாட்டியிருக்குதா?"

அருள்தாஸ் யோசித்தார். கீழேயிருந்து ஏதோ பிடித்திருக்கிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார். பாதத்தை மெல்ல அசைத்துப் பார்த்தார். பாதத்தில் ஒன்றும் இல்லை.

"இல்லீங்க. சுத்தி, பக்கத்துல இருந்து அமுக்குது."

"அதாங்க. அந்தப் பக்கத்து அமுக்கத்த எடுத்துட்டா புடியும் போயிடும். அவ்ளோதான். கொஞ்சம் பொறுங்க."

ஒரு பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்காக இரண்டாக அறுத்தார்கள். இரண்டு பாதிகளையும் அவரைச் சுற்றி வைத்து, ஆட்டி ஆட்டி நெல்லுக்குள் இறக்கினார்கள். வெளி நெல் உள்ளே சரியாதபடி அது சுவராக நின்றது. கயிற்றில் தலைகீழாகத் தொங்கியபடி, உள்ளே இருந்த நெல்லை டப்பாவால் வாளியில் அள்ளினார் ஒல்லியான ஒரு வீரர். டிரம்மை இன்னும் இறக்குவார்கள், இன்னும் அள்ளுவார்கள். மார்பு வெளியே வந்தபோது அருள்தாஸ் முழு மூச்சு ஒன்றை இழுத்தார். தொடை வெளியே தெரிந்ததும், யாரும் இழுக்காமலே, டிரம்மின் விளிம்பைப் பிடித்து அவரே எழும்பினார்.

விலா எலும்பு கன்றிப்போயிருந்தது. தோள் ஒரு மாதத்துக்கு மேல் தூக்க விடவில்லை. அவை ஆறின.

போர்வை மட்டும் போர்த்த முடியவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டால் மூச்சு முட்டியது. வந்தவாசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, பஸ் கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டார். "மில்லே வேணாங்க. வேற எதுனா பாத்துக்கலாம்," என்றார் சூசைமேரி. தெரிந்தவர் சொல்லி ஒரு பட்டுக்கடையில் வேலைக்குப் போனார். ஏசி அறை, ஜன்னல் கிடையாது, நாலு பக்கமும் கூரை வரை அடுக்கிய புடவைகள். மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மறுபடியும் மில்லுக்கே போனார். தொட்டிக்கு இப்போது மேலிருந்தே குத்த நீளக் கம்பி செய்திருந்தார்கள். யாரும் இறங்குவதில்லை. ஆனால் ஒரு நாள் நெல் தூக்கும் வாளிச் சங்கிலி குறுகலான அடிக்குழியில் சிக்கிக்கொண்டது. சிவகுமார் குழியைப் பார்த்தார், பிறகு அருள்தாஸைப் பார்த்தார்.

"நான் உள்ளே பூர மாட்டேன்," என்றார் அருள்தாஸ்.

"பேஜார் பண்ணாத அருளு. உன்ன வுட்டா யாரு கீறாங்க?"

"பூர மாட்டேன்."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. மெக்கானிக் வரும் வரை மில் நின்றது. அன்றோடு முதலாளி அவரை நெல் உலர்த்தும் களத்துக்கு மாற்றிவிட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றியிருப்பார்.

களத்தில் நெல் கணுக்கால் உயரம்கூட இருக்காது. அருள்தாஸ் அதை வெயிலில் காலால் கிளறிக்கொண்டே நடக்கிறார்.

"தலைக்கி ஒரு துண்டு கட்டிக்க கூடாதாப்பா?" என்று தெய்வநாயகி கேட்டார்.

"வேணாங்க்கா. காத்து வரட்டும்."