எங்கள் வீட்டில் செவ்வாய்

மொட்டை மாடியில் வானத்தைப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு ஏலியன் கிடைத்துவிட்டது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் எங்கள் வீடு. மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் தென்னை மரங்களுக்கு மேலே கோபுர விளக்குகள் தெரியும். அந்த வெளிச்சம் படத்தைக் கெடுக்கும் என்பதால் கேமராவை வடக்கே, கொள்ளிடம் பக்கம் திருப்பி வைத்து, அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து விட்டேன். நட்சத்திரங்களுக்கு நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு விழுந்திருந்தது. அப்பா காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலியன்தான், சந்தேகமே இல்ல. மெட்ராஸ் ஏலியன்" என்றார். சென்னையிலிருந்து திருச்சிக்கு இறங்கும் விமானம் அது.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் நான் வீடு திரும்பி, குளித்து, கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் அவரும் பின்னாலேயே வந்துவிடுவார். படம் எடுப்பது நான், பெயர் வைப்பது அவர். சிமிட்டாமல் நேராகப் போகும் செயற்கைக்கோள் பெரிய இடத்து ஏலியன். கேமராவுக்குக் குறுக்கே பறந்த வௌவால் உள்ளூர் ஏலியன். கொள்ளிடத்துப் பனி லென்ஸில் படிந்து படமே வெள்ளையாகிப் போனால், ஏலியன் மூச்சு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி, சுவாமி புறப்பாட்டைக் கேட்பது போலவே, "இன்னிக்கு உங்காத்து மாடியில யாரு எழுந்தருளியிருக்கா?" என்று கேட்பார்.

ஏலியன் என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் இன்னொரு பொருளும் இருந்தது. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அப்பா அதே பெயரைத்தான் வைத்திருந்தார். எங்கிருந்தோ வருகிறார்கள், நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள், பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுகிறார்கள், அப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஏலியன் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது என்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். ஒவ்வொரு முறையும் வாழைக்காய் சீவுகிறவள் அவள்தானே.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய். அப்படிப்பட்டவளைக் கட்டுகிறவனுக்கு ஆயுள் குறைவு என்பது ஊர் நம்பிக்கை. அவனுக்கும் செவ்வாய் இருந்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுமாம். பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று பெரிய மனதோடு வருகிறவர்கள்கூட, எங்கள் வீட்டுப் பஜ்ஜி செரிப்பதற்குள் இன்னொரு ஜோசியரைக் கேட்டுவிடுவார்கள். எனக்கு இதில் அழுகை வந்ததில்லை, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில்தான் ஒரு தீபாவளி போனஸில் தொலைநோக்கி வாங்கினேன். என் பெயரை இத்தனை பேரிடம் கெடுத்தவன் எப்படித்தான் இருக்கிறான் என்று நான் பார்க்க வேண்டாமா?

பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வட்டம். என்னைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவரைச் சந்தித்தது முக்கொம்பு அணையில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் நிலா உதிப்பதைப் படம் எடுக்கக் காத்திருந்தோம். பக்கத்தில் நின்றவர் தன் கேமராவை நீட்டி, எல்லாப் படத்திலும் நிலா ஏன் இரண்டாக இருக்கிறது என்று கேட்டார். வானம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கைதான் ஆடுகிறது என்றேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதி முடிவாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் உப்பிலியபுரம். மூன்று வயதில் அப்பா போய்விட்டார். அம்மா தனியாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு மகனைப் படிக்க வைத்திருக்கிறார்.

செவ்வாய் விஷயத்தை இரண்டாவது சந்திப்பிலேயே நான் சொல்லிவிட்டேன். மறைத்துக் கட்டிக்கொள்ளும் கல்யாணம் எனக்கு வேண்டாம். தங்கள் வீட்டில் ஜாதகக் கட்டு பரணில் கிடக்கிறது, அம்மா அதைத் தொட்டே வருஷக்கணக்காகிறது, நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அவர். அவர் அம்மாவும் என்னோடு இரண்டு தடவை போனில் பேசினார். சின்ன வெங்காயம் விலை, எங்கள் வீட்டுக் குழாயில் வருவது காவிரித் தண்ணீரா என்பது போன்ற பேச்சு. நல்ல குரல், நிதானமான குரல். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை என் அம்மாவே சிரித்த முகமாக இருந்தாள்.

அந்த மார்கழியில்தான் செவ்வாய் பூமிக்குக் கிட்டத்தில் வந்தது. பொழுது சாய்ந்ததும் கிழக்கே கிளம்பி, கோபுரங்களுக்கு மேலே, புனர்பூசத்து நட்சத்திரங்கள் இரண்டுக்கும் பக்கத்தில் பளிச்சென்று நின்றது. பஞ்சாங்கப்படி அப்போது செவ்வாய் நீசம், பலமே கிடையாது என்று அப்பா படித்துச் சொன்னார். பலமில்லாததற்கே இவ்வளவு பளபளப்பா என்று நான் சிரித்தேன். எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே அது நிற்கிற மாதிரி நல்ல படம் ஒன்று அமைந்தது. உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். "எங்கள் வீட்டில் செவ்வாய். ஏலியன் நடமாட்டம் உறுதி. மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் பஜ்ஜி போடப்படும்."

விளையாட்டு வினையாகும் என்பார்கள். உப்பிலியபுரத்தில் அவர் அம்மா அதைப் பார்த்திருக்கிறார். முதல் வரியைத் தாண்டவில்லை. மகனுக்குப் போன் போட்டு, அந்தப் பொண்ணுக்குச் செவ்வாய் எந்த வீட்டில் என்று கேட்டிருக்கிறார். இந்தக் கணக்கு வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, மேலூர் ரோட்டில்தான், வேறு எங்கே என்று பதில் சொல்லியிருக்கிறார்.

அவர் எனக்குப் போன் செய்தபோது முதலில் இந்தக் கூத்தைத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு, ஜாதகத்தில் ஏழாம் வீடு என்று உண்மையைச் சொன்னதும் அம்மா போனை வைத்துவிட்டார் என்றார். இரண்டு நாள் கழித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார். என்னைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை, ஆனால் அம்மாவின் மனது வராமல் தாலி கட்டவும் தன்னால் முடியாது என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தனியாளாக வளர்த்தவரைத் தள்ளிவிட்டு வருகிறவரை நான் என்னவென்று நம்புவது? ஆனால் நியாயம் வேறு, ஆசை வேறு. எனக்கு அவர் வேண்டும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன். அப்பா ஏலியன் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரும் அவர் அம்மாவும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மாவின் கையில் ஒரு பை. அதில் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் இருந்தன. என் அம்மா பையை வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய், என் காதருகில், "பூ இல்லடி" என்றாள். சம்மதம் சொல்ல வருகிறவர்கள் பூ இல்லாமல் வர மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அந்தப் பையிலேயே தெரிந்துவிட்டது. கூடத்தில் அப்பா மழை, அறுவடை என்று எதையோ பேசிக்கொண்டிருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார எனக்குப் பொறுக்கவில்லை. துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

வழக்கம்போல வடக்கே பார்த்துக் கேமரா தானாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து வந்ததுமே அதை வைத்துவிட்டுப் போயிருந்தேன். தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பிச் செவ்வாயைப் பிடித்தேன். கை பழகிய வேலை, மனது அதில் இல்லை. படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. அவர் அம்மா. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறி வந்தார்.

"நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்ம்மா. போன்ல சொல்றது மரியாதை இல்ல."

"சொல்லுங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்திருக்கும்.

அவர் தொலைநோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். இதில் என்னம்மா பார்ப்பாய் என்று கேட்டார். செவ்வாயைத்தான் என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை, உங்களுக்கும் காட்டட்டுமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தார். எப்படிக் குனிய வேண்டும், எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று சொன்னேன். இது தானாகத் திரும்பும் தொலைநோக்கி இல்லை. வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் கிரகம் வட்டத்தை விட்டு ஓடிவிடும், நான் குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பார்க்க, நான் தள்ளினேன்.

"துவரம்பருப்பு மாதிரி இருக்கு" என்றார்.

செவ்வாய்க்கு உரிய தானியம் துவரை. தோஷம் கழியத் துவரம்பருப்பைத்தான் கோவிலில் தானம் கொடுப்பார்கள். என் பேருக்கு அம்மாவும் நிறையக் கொடுத்திருக்கிறாள். அதை நான் சொல்லப் போவதற்குள் அவரே பேசத் தொடங்கினார், கண்ணை எடுக்காமலே. தனக்கும் செவ்வாய்தான் என்றார். அவருடைய அப்பா அதைச் சொல்லாமல் கட்டிக்கொடுத்துவிட்டாராம். பையனுக்கு மூன்று வயதாகும்போது, கிணற்றடியில் மோட்டார் போடப் போன புருஷன் மின்சாரம் தாக்கி அங்கேயே விழுந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஜாதகம் வெளியே வந்துவிட்டது.

"ஒயர் தேய்ஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சும்மா. அதை ஒருத்தரும் பேசல. என் ஜாதகத்தைத்தான் பேசினாங்க."

குழாயைத் தள்ள மறந்துபோனேன். செவ்வாய் ஓடிப்போயிருக்கும், அவர் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன்னால அவனுக்கு ஏதாவது ஆயிடும்னு நான் வேண்டாம்னு சொல்லல. நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் ஊரே உன்னைத்தான் பார்க்கும். நானும் அப்படிப் பார்த்துடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் என்னை வேண்டாம் என்றவர்களில் இப்படி ஒரு காரணம் சொன்னவர் யாரும் இல்லை. மற்றவர்களுக்கு அவர்கள் பிள்ளையைப் பற்றித்தான் பயம். இவருக்கு என்னைப் பற்றி. அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் ஏற்பட்டது மரியாதை மட்டும் இல்லை, பிரியம். அவர் சம்மதிக்காமல் போனாலும் அது போகாது என்று தெரிந்தது.

"காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போவோம்" என்றேன். "அப்பவும் என்னை அப்படிப் பார்க்கத் தோணுச்சுன்னா மாடிக்கு வாங்க. இதைப் பார்ப்போம்."

அவர் மறுபடி குனிந்தார். நான் செவ்வாயைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் என்னைத்தானேம்மா பார்த்தாங்க" என்றார். "இதை ஒருத்தரும் பார்க்கல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்கென்றே கேமரா பக்கம் போனார். அதில் என்ன விழுந்திருக்கிறது என்று கேட்டார். கடைசிப் படத்தைத் திரையில் காட்டினேன். நட்சத்திரங்களுக்கு நடுவே புள்ளிக்கோடு. இது என்ன என்றார். பழக்கதோஷம், ஏலியன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் விளக்காமல் இருக்க முடியுமா? மெட்ராஸ் விமானத்திலிருந்து அப்பா வைத்த பெயர்கள், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மறைந்துபோனவர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேட்டஸில் போட்ட மூன்றாவது வரிக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். சிரிக்காமல்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்களும் ஏலியன்தானா?"

"பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போனா ஏலியன். திரும்பி வந்தா இல்ல."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிழக்கே பார்த்தார். தொலைநோக்கி இல்லாமலே இப்போது அவருக்கு அது எது என்று தெரிந்தது. விரலை நீட்டி, அதுதானே என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கேமராவைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தப் படத்தைப் போடு. மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சுன்னு எழுது. பூ நாளைக்கு வாங்கிட்டு வரேன்."

கை ஆடுகிறது என்று முக்கொம்பில் அவர் மகனைக் கேலி செய்தவள், எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினேன். அப்புறம் படிக்கட்டில் குனிந்து, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். வாழைக்காய் இல்லையே என்று அவள் கீழிருந்து பதறினாள். எனக்குப் பின்னாலிருந்து அவர், "வெங்காயம்தான் கொண்டாந்திருக்கேனே" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சின்ன வெங்காயப் பஜ்ஜி. நாங்கள் ஐந்து பேரும் உரித்தோம், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.