இரண்டு சுற்றுத் தூக்கம்

அப்பாவை எழுப்புவது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத வேலை. அரைத் தூக்கத்தில் எழுப்பினால் கண் திறக்கும், ஆனால் பார்வை வராது. நான் யாரென்றே தெரியாதவர் போலச் சற்று நேரம் வெறிப்பார். அதற்குப் பயந்தே நான் எட்ட நின்று அவர் காலைச் சுரண்டுவேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா வேறொருவருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டுக் காலத்தில் வடக்கனந்தல் பக்கத்துக் கொல்லைகளில் லோடு ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ஆலைக்குப் புறப்படுவார். வரிசையில் நின்று இறக்கிவிட்டு மறுநாள் காலையில்தான் வருவார். பகலில் தூங்கினால்தான் அவருக்குத் தூக்கம். அந்த மார்கழியில் ஒருநாள், மூங்கில்துறைப்பட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் அவருக்குக் கண் அசந்துவிட்டது. டிரெய்லர் வாய்க்காலில் சரிந்தது. பாதிக் கரும்பு தண்ணீரில் போயிற்று. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

இன்னொரு தடவை இப்படி ஆனால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று டிராக்டர்காரர் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அந்தப் பயம். எனக்கு வாய்க்காலைப் பற்றித்தான் பயம். கண்ணை மூடினால் தண்ணீரில் கிடக்கும் அப்பா தெரிந்தார். ஒரு வாரமாக நான் சரியாகத் தூங்கவே இல்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

விபத்துக்குக் காரணம் கண்டுபிடித்தவர் சித்தப்பா. கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சவாரி இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பாதி டாக்டராகியிருந்தார்.

"தூக்கம்னா ஒரு சுத்து ஒன்றர மணி நேரம், அண்ணி. சுத்து முடியறப்போ எழுப்புனா ஆளு கிண்ணுனு இருப்பாரு. நடுவுல எழுப்பிட்டீங்கன்னா ஆளு எழுந்து போவாரு, மூள தூங்கிக்கினே போவும்" என்றார்.

மூளை தூங்கிக்கொண்டே டிராக்டர் ஓட்டியிருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு நடுச்சுற்றில் எழுப்பியது அம்மாதான். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாளே அந்த வேலை என் தலையில் விழுந்தது. அரையாண்டு விடுமுறை, அம்மா மரவள்ளிக் கொல்லையில் களை எடுக்கப் போயிருந்தாள். தூக்கம் பிடித்ததிலிருந்து இரண்டு சுற்று, மூன்று மணி நேரம் கழித்து எழுப்ப வேண்டும். தூக்கம் பிடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முந்தின நாள் சித்தப்பாவைக் கேட்டிருந்தேன். தலையைச் சொறிந்தார், வீடியோவில் அது வரவில்லையாம். நானே முடிவு செய்தேன். குறட்டை விட்டால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அப்பா பாயில் படுத்தார். நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்து, போய் விளையாடு பாப்பா என்றார். நான் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக. மணி பதினொன்று ஐம்பது. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாசலில் வந்த நாயை விரட்டினேன். கோலமாவு விற்க வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். இரண்டேகாலுக்கு அப்பாவின் போன் அடித்தது. டிராக்டர்காரர். லோடு தயாராகியிருக்கும், அதுதான் கூப்பிடுகிறார்.

எழுப்பினால் நடுச்சுற்று; அப்பா வாய்க்காலில் விழுந்து செத்துப்போவார். எழுப்பாவிட்டால் சாவி போய்விடும். அந்தப் பட்டன் போனை எப்படி அணைப்பதென்றும் தெரியாது. அடுக்களைக்கு ஓடி, அரிசி டின்னைத் திறந்து, போனை அரிசிக்குள் புதைத்து மூடினேன். அது அங்கேயும் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. டின்னின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அழுதேன். அப்பாவின் குறட்டை மட்டும் நிற்கவே இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

இரண்டு ஐம்பதுக்குக் கிட்டே போய்க் கையை நீட்டினேன். தொடுவதற்குள் கண் திறந்துவிட்டது. வெறிப்பு இல்லை. தெளிவான பார்வை.

"இன்னா பாப்பா, மணி ஆயிடுச்சா?" என்றார்.

சித்தப்பா சொன்னது பலித்துவிட்டது என்று எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்பா முகம் கழுவினார். நேரே அடுக்களைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து, போனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினார். என்னைத் திட்டவில்லை. டிராக்டர்காரரிடம், தூங்கிவிட்டேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு தெருவில் நின்ற டிராக்டரில் ஏறிப் பாட்டை வைத்தார். தெருவே அதிரும் சத்தம். அவ்வளவு சத்தமாக அவர் பாட்டு வைத்து நான் கேட்டதேயில்லை. அப்பாவுக்கு இன்றைக்கு ஒரே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கூடத்தில் என் கணவர் விட்ட குறட்டைக்கு அம்மா சிரித்தாள். அப்பாவும் இப்படித்தானே விடுவார் என்றேன்.

"உங்கப்பாவுக்கு ஏது கொறட்ட? தூங்குனா பல்லத்தான் நறநறன்னு கடிச்சிக்கினு இருப்பாரு. இத்தினி வருசத்துல ஒரு நாளு கொறட்ட உட்டதில்ல."

போன் அரிசி டின்னில் இருப்பதை அன்றைக்கு நான் அப்பாவிடம் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று மணி நேரமும் கண்ணை மூடியபடி, எனக்காகக் குறட்டை விட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி கிடந்திருக்கிறார். என் கண்ணில் தெரிந்த வாய்க்கால் அவர் கண்ணிலும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா வாசலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருந்தும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குப் பொட்டுத் தூக்கம் இல்லாமல் அவர் அந்த வளைவைத் தாண்டிப் போயிருக்கிறார். மணி பார்த்து அனுப்பிவைத்தவள் நான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டுச் சத்தம் ஏரிக்கரை திரும்பித் தேயும்வரை வாசலில் நின்றேன். பிறகு அப்பா விட்டுப்போன பாயில் படுத்து, அந்த வாரத்தில் முதல் தடவையாக, நிம்மதியாகத் தூங்கினேன்.