அறுபது தகடுகள்

இண்டர்மீடியட் பரீட்சையில் எனக்கு அல்ஜீப்ராவில் போயிற்று. காரணம் பகுதிப் பின்னங்கள். ஒரு பெரிய பின்னத்தைச் சின்னப் பின்னங்களாகப் பிரிக்க வேண்டும், சங்கதி அவ்வளவுதான். கீழே ஒரே காரணி இரண்டு முறை வந்தால் அதற்கு இரண்டு பின்னங்கள் வைக்க வேண்டும். நான் ஒன்றே வைப்பேன். எக்ஸுக்கு ஓர் எண்ணைப் போட்டால், பின்னத்தின் மேலே வைத்த ஏ-க்கு ஒரு விடை வரும். வேறோர் எண்ணைப் போட்டால் வேறு விடை வரும். ஆத்திரத்தில் எத்தனையோ தாள்களைக் கிழித்திருக்கிறேன்.

வேலூரிலிருந்து ஆம்பூருக்கு வந்து ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தாவானேன். தோல் பதனிடும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். பரீட்சையை மறுபடி எழுதும் எண்ணம் மட்டும் போகவில்லை. எண்ணும் கணக்குகள், அதாவது எத்தனை விதமாகச் சேர்க்கலாம், அடுக்கலாம் என்பவை, எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த ஒரு பாடத்தில் கர்வமே உண்டு.

கட்டுக் கட்டாகக் கப்பலேறும் தோல் பேல்கள் மேல் குறி போட எழுத்து வெட்டிய தகரத் தகடுகள் வேண்டியிருந்தன. தோல் ஐந்து வகை, தரம் நான்கு, கனம் மூன்று. எத்தனை தகடு என்று மேனேஜர் கேட்டார். "அறுபதுங்க" என்றேன், யோசிக்காமல். ஐந்தை நான்கால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் அறுபதுதானே. தகரக்காரர் இரண்டு வாரம் உட்கார்ந்து வெட்டினார்.

பேல்களுக்கு மை தடவிக் குறி போடுகிறவன் ஆலங்காயத்துக்காரன், என் வயசுதான் இருக்கும். தகடுக் கட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தான்.

"இன்னாங்க இது, இத்தினி தகடு? ரொம்ப ஜாஸ்திங்களே."

"அறுபது விதம் இருக்குதுப்பா. கணக்கு சரிதான்."

"விதம் அறுபதா இருந்துட்டுப் போகட்டுங்க. தோலுக்கு அஞ்சு, தரத்துக்கு நாலு, கனத்துக்கு மூணு வெட்டினா போதும். பக்கத்துல பக்கத்துல வெச்சு அடிச்சிர்றேன். பன்னண்டே ஆவுது."

அவன் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும். மேனேஜர் என்னைப் பார்த்து, "படிச்சவன் சொல்றான்னு வெட்டச் சொன்னேன்" என்றார். புதிதாகப் பன்னிரண்டு தகடுகள் வெட்டினார்கள்.

என் விடை தப்பில்லை, குறிகள் அறுபதுதான். தகடுகள் எத்தனை என்று அவர் கேட்டதற்குக் குறிகள் எத்தனை என்று சொல்லியிருக்கிறேன். இது புரிந்தும் மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கணக்கை எடுத்தாலும், பெருக்குவதா கூட்டுவதா என்று கை நின்றுவிடும்.

அந்த வருஷம் பரீட்சையில் பகுதிப் பின்னம் வந்தது. இரட்டைக் காரணிக்கு இரண்டு பின்னங்கள் வைத்தேன். ஒரே மூச்சில் முடிந்தது. அடுத்த கேள்வி, ஐந்து இங்கிலீஷ் புத்தகங்களில் இரண்டையும் நான்கு தமிழ்ப் புத்தகங்களில் மூன்றையும் எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. பத்து விதம், நான்கு விதம் என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றேன். நாற்பது என்று எழுதினேன், அடித்தேன். மணி அடிக்கிற நேரத்தில் பதினான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஹாலுக்கு வெளியே படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது, நாற்பதுதான்.

மறுபடியும் அல்ஜீப்ராவில் போயிற்று. தேறியிருந்தால் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தேன். முடிவு வந்த அன்று அவர் தபாலில் வந்த கடிதங்களை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள பதில் எழுதிடுங்க" என்று மட்டும் சொன்னார்.