என்னைத் தாண்டிப் போன தட்டு

மூன்று சொட்டுத் தண்ணீர் ஒரு வீட்டை இரண்டாகப் பிரிக்கும் என்று கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, பாண்டிச்சேரி உப்பளத்தில் எங்கள் சர்ச்சில் போதகர் ஐயர் என் தலையில் அந்த மூன்று சொட்டைத் தெளித்தார். அப்பாதான் என்னை ஏந்திக்கொண்டு நின்றார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் அவ்வளவுதான். என் மனைவியின் சபை அதே ஊரில் கதிர்காமத்தில், ஒரு வாடகைக் கூடத்தில் நடந்தது. அங்கே குழந்தைகளுக்குத் தெளிக்க மாட்டார்கள். வளர்ந்து, புத்தி தெரிந்து, தானாகவே கேட்டு, தண்ணீரில் முழுசாக முங்கி எழ வேண்டும். அவள் குருசுக்குப்பம் கடலில் முங்கி எழுந்தவள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததைவிட அது தைரியமான காரியம் என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

பாண்டிச்சேரியில் கிறிஸ்தவர் என்றால் கத்தோலிக்கர் என்றுதான் ஊர் நினைக்கும். எங்களை மாதிரி ஆட்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தாலும் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது. அதற்குள் இத்தனை கட்சி.

அவளுடைய சபையில் ஒரு சட்டம் உண்டு. முங்காதவனுக்குத் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக எடுக்கும் அப்பமும் திராட்சை ரசமும், கிடையாது. அங்கே வாராவாரம் அப்பத் தட்டும், ரசக் கிண்ணங்கள் வைத்த தட்டும் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். என் கைக்கு வந்ததும் நான் எதையும் தொடாமல் அடுத்தவருக்கு நீட்டுவேன். பந்தியில் உட்காராமல் பரிமாற மட்டும் வந்தவன் மாதிரி இருக்கும். எங்கள் சர்ச்சில் மாதம் ஒருமுறைதான் திருவிருந்து. அன்றைக்கு நான் எழுந்து போய் முழங்கால் போடுவேன், அவள் சபை வேறு இடத்தில் வாங்க விடாததால் அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். இப்படியே இருபத்திரண்டு வருஷம்.

ஒரே ஒருமுறை கேட்டாள். “ஒருதடவ முங்கிட்டீங்கன்னா வேல முடிஞ்சிடும்ல?”

“எனக்கு நீச்சல் தெரியாதே.”

“இடுப்பளவு தண்ணிங்க.”

“என் இடுப்பளவு உனக்குத் தெரியும்ல. அவ்ளோ ஆழத்துக்குப் போவணும்.”

சிரித்துவிட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை. உண்மை என்னவென்றால், நான் முங்கினால், அப்பா என்னை ஏந்தி நின்ற அந்த நாள் செல்லாது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் இடுப்பை இழுத்தேன். அது அவளுக்கும் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கதிர்காமத்துக் கூடத்தை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். எங்கள் சர்ச்சிலோ பாதி பெஞ்சு காலி. இரண்டு சபையும் ஒன்றாகிவிட்டால் என்ன என்று பேச்சு கிளம்பியது. கமிட்டி போட்டார்கள். ஆபீசில் டைப் அடிக்கிறவன் என்பதால் குறிப்பெழுத என்னை உட்கார வைத்தார்கள். திருவிருந்து வாராவாரமா மாதம் ஒருமுறையா என்பதுகூடத் தீர்ந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்ற இடத்தில் வண்டி நின்றது. நிறுத்தியவர் என் மனைவியின் பெரியப்பா. அந்தச் சபையின் மூத்த மூப்பர், இருபத்திரண்டு வருஷமாக என் பெஞ்சுக்குத் தட்டைக் கொண்டுவருகிறவர்.

“முங்காதவனுக்குக் குடுத்தா, முங்குனவன்லாம் இன்னாத்துக்கு முங்குனான்? சொல்லு மாப்ள,” என்றார்.

நான் குறிப்பில் ‘விவாதம் தொடர்ந்தது’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை ஒரு வருஷம் எழுதினேன்.

அப்போதுதான் என் மச்சான், மனைவியின் தம்பி, ஜமைக்காவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

“மாமா, இங்க நான் போற சர்ச்சே அப்டி சேந்ததுதான். மொதல்ல ரெண்டு சபை. ஒண்ணு மூப்பருங்க கூடி ஆளுற சபை. இன்னொண்ணு ஒவ்வொரு ஊரும் தன்னத்தானே ஆண்டுக்குற சபை. ரெண்டும் தெளிக்கிற கூட்டம். நம்ம மாதிரி முங்குற சபை சேர்றதுக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆச்சாம்.”

“சேர்ந்தப்புறம் தெளிக்கிறாங்களா, முங்குறாங்களா?”

“ரெண்டும் உண்டு. புள்ளைய தூக்கிட்டு வந்து தெளிச்சிக்கலாம். இல்ல, அது வளந்து கேக்குற வரைக்கும் காத்திருந்து முங்க வைக்கலாம். அவங்கவங்க இஷ்டம். ஒண்ண வாங்குனவன இன்னொண்ண வாங்குன்னு யாரும் சொல்லக் கூடாது.”

மறுவாரம் கமிட்டியில் இதைச் சொன்னேன். எங்கோ கடல் நடுவே ஒரு தீவில், கரும்புக் காட்டு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தனித்தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்த கதையை, நானே கூட இருந்து கையெழுத்துப் போட்டவன் மாதிரி விவரித்தேன்.

“அது ஜமைக்கா. இது உப்பளம்,” என்றார் பெரியப்பா.

விவாதம் தொடர்ந்தது.

ஒரு ஞாயிறு ராத்திரி பெரியப்பா எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் வீடியோ காலில் வந்தான். அங்கே அப்போதுதான் காலை ஆராதனை முடிந்திருந்தது. போனைத் திருப்பி சர்ச்சைக் காட்டினான். ஒரு பெஞ்சில் இரண்டு கிழவர்கள் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாடா சண்டை அது?” என்றார் பெரியப்பா.

“ஒருத்தர் தெளிச்சிக்கிட்டவர், ஒருத்தர் முங்குனவர், பெரியப்பா. எது சரின்னு சண்டை. நான் வந்த நாள்லேர்ந்து போடுறாங்க.”

“சேர்ந்தப்புறமுமா?”

“சேர்ந்தப்புறம் ஒரே பெஞ்சுல ஒக்காந்து போடுறாங்க. அதான் வித்தியாசம்.”

பெரியப்பா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரைப் பக்கம் குனிந்தார்.

“அப்போ நான் சொல்றது சரின்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கலாம்?”

“தாராளமா.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மாப்ள? ஒரு வருஷமா கூரை, தீவு, கரும்புன்னு கத சொல்ற?”

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கினார். நான் ‘தீர்மானம் நிறைவேறியது’ என்று எழுதினேன். தெளிக்கப்பட்டவனுக்கும் முங்கினவனுக்கும் இனி ஒரே திருவிருந்து.

முதல் கூட்டு ஆராதனை எங்கள் சர்ச்சில் நடந்தது. திருவிருந்து அவர்கள் வழக்கப்படி, பெஞ்சு பெஞ்சாக. மனைவி என் பக்கத்தில் இருந்தாள். புடவை மடிப்பை மூன்றுமுறை சரி செய்தாள். பெரியப்பா எங்கள் பெஞ்சில் அப்பத் தட்டைக் கொடுத்தார். அவள் எடுத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கினேன். வாங்கி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், அடுத்தவருக்கு நீட்டிவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கைக்குத் தீர்மானம் நிறைவேறிய விஷயம் தெரியவில்லை.

“ஏங்க!” என்றாள் மனைவி. ரகசியமாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. சர்ச்சே திரும்பியது. தட்டு அதற்குள் பெஞ்சு முனைக்குப் போய்விட்டது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண்ணெல்லாம் ஈரம்.

பெரியப்பா பெஞ்சு முனைக்குப் போய்த் தட்டை வாங்கினார். எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

“எடு மாப்ள. ஒனக்காகத்தான ஒரு வருஷமா தொண்டத் தண்ணி வத்தக் கத்துனோம்.”

எடுத்தேன். விரல் நுனி அளவுத் துண்டு. வாயில் போட்டுக்கொண்டேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், இனி எதையும் கைமாற்றிவிடக் கூடாது என்பதுபோல.

ஆராதனை முடிந்து எல்லோரும் டீக்குப் போனார்கள். பெரியப்பா மட்டும் எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

“இருந்தாலும், மூணு சொட்டு பத்தாது மாப்ள.”

நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.